கோல்மன் நீட்டும் காகிதம்

கதவைத் தள்ளித் திறப்பார், உள்ளே வரமாட்டார். கோல்மன் ஃபாஹி வாசற்படியிலேயே நின்று தொப்பியைக் கழற்றி உதறுவார். கோட்டின் உள்பையிலிருந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டுவார். பப் நடத்தும் டெலியா பீர்க் குழாயை அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை படிப்பாள். பெயர், பிறந்த நாள், தடுப்பூசி இரண்டு. "சரியா இருக்கு. உள்ள வாயா." அதற்குப் பிறகுதான் அவருடைய பூட்ஸ் கால் படியைத் தாண்டும். இப்படிக் காகிதம் கேட்பதை அயர்லாந்தின் பப்புகள் நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது.

வயது அறுபத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. மலைச்சரிவில் நாற்பது ஆடுகள், ஆறு பசுக்கள், பாடாத ஒரு ரேடியோ. நான் இந்த ஊர்த் தபால்காரன். மின்கட்டண ரசீது தவிர அவர் வீட்டுக்கு எதையும் கொண்டுபோனதாக நினைவில்லை. வாரம் முழுக்க அவர் மனிதக் குரல் கேட்பது ஞாயிறு பூசை முடிந்து டெலியா கடையில் உட்காரும் இரண்டு மணி நேரம்தான். தச்சன் எண்டா, படகுக்காரன் ஃபெஸ்டி, நான், அவர் என்று நாங்கள் நாலு பேர். ஒரு முறைக்கு ஒருவர் நாலு பேருக்கும் சேர்த்து பீர் வாங்க வேண்டும். மூன்றாவது முறை கோல்மனுடையது. முறை தவறியவனைச் செத்த பிறகும் மன்னிக்காத ஊர் இது.

கொரோனாவின் இரண்டாவது கோடையில், ஊசி போட்டதற்கான காகிதம் இல்லாதவர் பப்புக்குள் உட்காரக் கூடாது என்று சட்டம் வந்தது. முப்பது வருடமாகப் பார்த்த முகத்தைப் பார்த்து, "காகிதம் இருக்கா கோல்மன்?" என்று டெலியா கேட்டாள். கேட்கும்போதே அவள் முகம் சிவந்துவிட்டது. மாடியில் அவள் புருஷன் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தான். வேறென்ன செய்வாள்? சட்டம் சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கோல்மன், "இல்ல," என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய், சன்னலுக்கு அடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து ஒட்டிப்போன சன்னல் அது, திறக்காது. உள்ளே நாங்கள் சிரித்தால் கண்ணாடிக்கு அப்பால் அவரும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக. என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்திருக்காது. முதல் ஞாயிறு அவர் முறை வந்தபோது, பாவம், வெளியே இருக்கிறார் என்று தாண்டிவிட்டோம். சன்னல் டொக் டொக்கென்றது. டெலியா கதவைத் திறந்தாள்.

"என் முறையத் தாண்டிட்டீங்களேடா! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த வாரம் நாமளும் வெளிய உக்காருவோம்," என்றான் ஃபெஸ்டி. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரமும் மழை. அப்படியே நாலு மாதம் போயிற்று. அதைச் சொல்ல எனக்கு இன்றும் வாய் கூசுகிறது.

அவர் ஊசிக்கு எதிரி என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. ஊசியை எதிர்க்கிற கூட்டமொன்று டவுனிலிருந்து தேடி வந்து, ஊர்வலத்துக்கு வரச்சொல்லி ஒரு பலகையைக் கொடுத்துவிட்டுப் போனது. கோழிக்கூண்டின் ஓட்டைக்கு அது அளவெடுத்த மாதிரி பொருந்தியது. 'சுதந்திரம்' என்ற எழுத்துக்குக் கீழே அவருடைய கோழிகள் இன்றும் முட்டையிடுகின்றன.

நவம்பரில் ரசீது கொடுக்கப் போனேன். கொட்டிலில் கன்றுகளுக்கு அவரே ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தனை கன்னுக்குக் குத்துற. நீ ஒண்ணு போட்டுக்கிட்டா என்னய்யா குறைஞ்சிடுவ?"

அவர் ஊசியை மெதுவாகத் துடைத்தார். "பள்ளிக்கூடத்துல போட்டப்ப மயங்கி விழுந்தேன். பல் டாக்டர் போட்டப்பவும் விழுந்தேன். கன்னு விழுந்தா நான் தூக்குவேன் டொமினிக். நான் விழுந்தா யாரு தூக்குறது?"

"நான் வரேன்," என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆகியிருந்தது.

இரண்டு ஊசிக்கும் என் காரில்தான் போனோம். அவர் விழவில்லை. என் மணிக்கட்டில் மட்டும் அவர் விரல் தடம் இரண்டு நாள் இருந்தது. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காகிதம் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே பிரித்து, தன் பெயரை வாய்விட்டுப் படித்தார். "ஞாயித்துக்கிழமை உள்ள வந்து உக்காருறேன் பாரு," என்றார். அன்று மாலையே அரசாங்கம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. பாடாத ரேடியோ அதைச் சொல்லவில்லை. போய்ச் சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வெறுங்கையோடு உள்ளே போனது. கோல்மன் மட்டும் படியில் நின்று காகிதத்தை நீட்டினார். "அட, இனிமே அது..." என்று ஆரம்பித்த எண்டாவின் காலை ஃபெஸ்டி மிதித்தான். டெலியா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.

மறுவாரமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "எடுத்துட்டாங்களாமே," என்று அவரேதான் சொன்னார். சொல்லிக்கொண்டே காகிதத்தை நீட்டினார். அன்று தொடங்கி ஒரு ஞாயிறும் தவறியதில்லை. மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது முறை இப்போதும் அவருடையதுதான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், நாங்கள் சிரித்தால் முதலில் எங்கள் வாயைப் பார்க்கிறார். ஒரு நொடி கழித்துத்தான் சிரிக்கிறார்.

போன ஞாயிறு டெலியா ஊரில் இல்லை. வெளியூரிலிருந்து வந்த அவள் தங்கை கடையைப் பார்த்துக்கொண்டாள். "அதெல்லாம் எப்பவோ போயிடுச்சுங்க, சும்மா உள்ள வாங்க," என்று கிளாஸ் கழுவியபடியே சொன்னாள். கோல்மன் நகரவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. வெளியே நல்ல மழை. சன்னலுக்கு அடியில் இருந்த பெஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நான் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். படியைத் தாண்டி மழையில் அவருக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன்.