பச்சைக் குறியை நம்பிக் காத்திருந்த கேரட் மூட்டைகள்

கொடைக்கானலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். வேலைக்காகப் போனது போன ஜனவரியில்தான். மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் டெஸ்டர், அதாவது வெளியிடும் முன் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவள். மலை விவசாயிகள் காய்கறி ஏற்ற வண்டி பதிவு செய்வதற்கான செயலி ஒன்றை உருவாக்கி, முதலில் கொடைக்கானல் மலையின் கோடியிலுள்ள பூண்டி கிராமத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்திருந்தோம். "பதிவு பண்ணினோம், வண்டி வரல" என்று அங்கிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. அலுவலகத்தில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எல்லாச் சோதனையிலும் செயலி தேறியது. திங்கட்கிழமை எல்லா ஊருக்கும் வெளியீடு. ஒப்புதல் தரவேண்டியவள் நான். நேரில் போய்ப் பார்த்துவிட வியாழனும் வெள்ளியும் விடுப்புப் போட்டேன். "லீவு போட்டு ஆபீஸ் சோலி பாக்குற ஒரே ஆள் நீதான்" என்று சிரித்தார் என் மேலாளர் தினேஷ்.

வியாழன் காலை ஐந்தரை மணிக்கு ஆரப்பாளையத்தில் பேருந்து. சுமார் 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். வத்தலக்குண்டில் காபிக்கு நிறுத்துவார்கள். அதோடு போதும், வேறெதுவும் சாப்பிடாதீர்கள். மேலே வளைவுகள் வயிற்றைச் சும்மா விடாது. கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 900 ரூபாய்க்கு அறை கிடைத்தது. வெந்நீர் காலையில் மட்டும்.

மறுநாள் ஆறே முக்காலுக்குப் பூண்டிப் பேருந்து. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். பூம்பாறைக்கு மேலே, சரிவில் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களைப் படம் பிடிக்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். "எடுக்குறதுன்னா இப்பவே எடுத்துக்கங்க. அங்கிட்டு ஒரே மூடுபனியா கெடக்கு" என்றார் நடத்துநர். எடுத்த படத்தை வீட்டுக்கு அனுப்பினால் போகவில்லை. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

பூண்டியில் என்னை அழைத்துப்போக வந்தவர் முத்துலட்சுமி அக்கா. அதிகமாகப் புகார் சொன்னவர் அவர்தான். நாற்பது வயதிருக்கும். அன்று அவர் தோட்டத்தில் கேரட் எடுப்பு. ஆட்கள் வெள்ளனே இறங்கிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, என் கண்ணெதிரே செயலியைத் திறந்து வண்டி பதிவு செய்தார். பச்சைக் குறி விழுந்தது.

"பாத்துக்கிட்டீகளா? நான் சரியாத்தானே அமுக்குனேன்?"

"சரியாத்தான்க்கா."

கேரட்டைக் கழுவி மூட்டை கட்டிச் சாலையோரம் அடுக்கியபோது மதியம் இரண்டு மணி. வண்டி அதற்குள் வந்திருக்க வேண்டும். மூன்றும் ஆனது. கழுவிய கேரட் ராத்திரி சந்தைக்குப் போய்விட வேண்டும். தங்கினால் வதங்கிக் கறுக்கும், விலை விழும். அக்கா மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பச்சை விழுந்தா வண்டி வந்துரும்னுதானே அர்த்தம்? அத நம்பித்தான் நான் வேற வண்டிக்குச் சொல்லல தங்கச்சி."

அவர் போனை வாங்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டு வளைவுக்கு ஓடினேன். அங்கே போனதும்தான் காலையில் செய்த பதிவு எங்கள் கணினிக்கே போய்ச் சேர்ந்தது. அதுவரை அது போனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. சிக்னல் இல்லாவிட்டாலும் உடனே பச்சைக் குறி காட்டவேண்டும், தகவலைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்றுதான் வடிவமைப்பில் எழுதியிருந்தது. எழுதியபடி நடக்கிறதா என்று சோதித்தோம், நடந்தது. பச்சையைப் பார்த்தவர் என்ன நினைப்பார், என்ன செய்யாமல் விடுவார் என்று கேட்பது எங்கள் சோதனையில் எங்குமே இல்லை.

முதலில் கேரட். செயலியில் பதிந்திருந்த ஓட்டுநர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். மூன்றாவது ஆள் ராசு, மன்னவனூரில் உரம் இறக்கிவிட்டுக் காலி பிக்கப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"பூண்டியா? ரோடு எப்படிக் கெடக்குன்னு தெரியுமாங்க ஒங்களுக்கு?"

"தெரியும், அதே ரோட்டுலதான் வந்தேன். வெரசா வாங்கண்ணே, சரக்கு கழுவி நிக்குது."

"சரி, வாரேன். மூட்டை ஏத்த ஆள நிப்பாட்டி வைங்க."

நாலரைக்கு வந்தார். ஏற்றி முடிக்க ஐந்தானது. வண்டி கிளம்பிய பிறகுதான் அக்கா உட்கார்ந்தார்.

அதே வளைவுக்குத் திரும்பிப் போய் தினேஷை அழைத்தேன். "திங்கக்கெழமை வெளியீட்டுக்கு நான் ஒப்புதல் தரமாட்டேன்."

"எல்லா டெஸ்டும் பாஸ்தானே?"

"பாஸ்தான். ஆனா வண்டி வரல. நாம தேவை என்னன்னு கேட்டது சந்தை வியாபாரிங்ககிட்ட. ரோட்டுல மூட்டையோட நிக்கிறவங்ககிட்ட கேக்கவே இல்ல."

 தினேஷ் சொன்னார்: "தள்ளி வைக்கிறேன். மேல இருக்கறவங்களுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

சொன்னேன். வசவும் கிடைத்தது. ஆனால் திரை மாறியது. ஓட்டுநர் ஒப்புக்கொண்டால் மட்டுமே பச்சை. அதுவரைக்கும் "காத்திருக்கிறது" என்று போட்டோம். அனுப்பிக் காட்டியதும் முத்துலட்சுமி அக்கா போன் செய்தார். "காத்திருக்குதுன்னா யாரு? வண்டியா, நானா?" அதையும் மாற்றினோம்: "உங்கள் பதிவு இன்னும் போய்ச் சேரவில்லை. சிக்னல் உள்ள இடத்துக்குப் போங்கள்." அவர் சரி என்ற பிறகுதான் வெளியிட்டோம்.

சோதனைக் குறிப்புகளை இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. என் வேலை போய்விடுமா என்று தொழிலில் எல்லாரும் கேட்கிறார்கள். எழுதியதைச் சரிபார்ப்பது மட்டும்தான் நம் வேலை என்றால் போகட்டும். எழுதியதே சரியா என்று கேட்பதுதான் இனி நம் வேலை. வடிவமைக்கும் முதல் நாளே அந்த மேசையில் நமக்கு இடம் வேண்டும். புகார்கள் வடிகட்டாமல் நம் காதுக்கு வரவேண்டும். யாரும் தாமாக அழைக்க மாட்டார்கள். நாமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவேண்டியதுதான்.

பூண்டிக்குப் போகிறவர்களுக்கு: முதல் பேருந்தைப் பிடியுங்கள், திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள், ஸ்வெட்டர் கட்டாயம். சொந்த வண்டியென்றால் கொடைக்கானலுக்குள் நுழைய இணையத்தில் இ-பாஸ் அனுமதி எடுக்க மறக்காதீர்கள். டெஸ்டர்களுக்கு இன்னும் ஒன்று: பயனர் செயலியைத் திறந்தால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள், வாயை மூடிக்கொண்டு பாருங்கள். நான் அடுத்த மாதம் பூம்பாறைப் பூண்டு அறுவடைக்குப் போகிறேன். இந்த முறை விடுப்பில் அல்ல, அலுவலகச் செலவில்.