பேச விடாத உபதேசியார்

இலங்கையில் பதுளைக்கு ரயில் வராத காலம். யேசுவடியான் என்ற பெயரைப் பெரியாயி முதலில் கேட்டது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்தான். எல்ல என்ற ஊருக்குக் கீழே இருந்த அவர்கள் தோட்டத்துக்குப் புது உபதேசியார் வருகிறாராம் என்று யாரோ சொன்னார்கள். பெரியாயியின் நாத்தனார் பாக்கியலெட்சுமி, "பேரே பிரசங்கம் நீளத்துக்கு இருக்கே, ஆளு வாய மூடுவாரா?" என்றாள். பெரியாயியும் சேர்ந்து சிரித்தாள்.

வந்தவர் வாயை மூடவில்லைதான். ஆனாலும் பாளையங்கோட்டைப் பக்கத்து நல்ல மனுஷர். குடிக்க மாட்டார், கங்காணிக்குப் பயப்பட மாட்டார். பெரியாயியும் புருஷன் கந்தப்பனும் அவர் சொல்லித்தான் ஞானஸ்நானம் எடுத்தார்கள். ஒரே மகள் கனகத்தைக் கொஸ்லந்தையில் கட்டிக்கொடுத்ததும் அவர் பேசி முடித்ததுதான். மாப்பிள்ளை வேதவசனத்தை மளமளவென்று ஒப்பிப்பான். மனுஷருக்கு அது போதுமாயிருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். மாப்பிள்ளை குடித்துவிட்டு அடிக்கிறான். கனகம் கையைத் தூக்க முடியாமல் கிடக்கிறாள். கந்தப்பன் ஓடினான். "உபதேசியார் கட்டிவச்ச கல்யாணம், அவரு வந்து சொல்லட்டும்" என்று வாசலோடு விரட்டிவிட்டான் மாப்பிள்ளை.

தோட்டத்துச் சனங்கள் குடியிருந்த லயத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த ஜெபக்கூட்டத்தில் பெரியாயி எழுந்தாள்.

"ஐயா, எம் மவ கனகம்..."

"ஆமாம்மா, கொஸ்லந்தையிலே ஆண்டவர் அமைச்ச அந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்போம்."

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெபத்துக்கு நடுவில் பேசுவது பாவம் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பெரியாயி உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் இதே கதை. அவள் தொடங்குவாள், அவர் ஜெபத்தைப் போட்டு மூடுவார்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் கண்ணை மூடவில்லை.

"கண்ணத் தெறங்க ஐயா! ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதது உங்களுக்குத்தான். நீங்க கட்டிவச்சவன் எம் மவள அடிச்சே கொல்றான்!"

கந்தப்பன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "ஒக்காரு புள்ள, ஜெப நேரத்துல..."

"நீ சும்மா கெட!"

யேசுவடியான் வாயைத் திறந்தார்.

"இன்னும் முடியல."

மறுபடியும் திறந்தார்.

"முடியலங்கிறேன்ல?"

மனுஷர் பாயில் உட்கார்ந்துவிட்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாளே கொஸ்லந்தைக்குப் போனார். மாப்பிள்ளை வசனத்தோடு முன்னால் வந்தான். "ஒன்னக் கேக்கல தம்பி, கனகத்தக் கேக்க வந்தேன்" என்று அவள் எதிரில் உட்கார்ந்தார். கனகம் வெகுநேரம் பேசவில்லை. அவரும் பேசவில்லை. கடைசியில், "அம்மாகிட்ட போறேங்க" என்றாள். கையோடு கூட்டிவந்துவிட்டார்.

ஆனால் முறிந்த கை வைத்தியம் இல்லாமல் கோணலாகச் சேர்ந்துபோயிருந்தது. ஒற்றைக் கையால் எவ்வளவு கொழுந்து எடுப்பாள்? உபதேசியார் பெரியாயி வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

"மொதல்லயே கேட்டிருந்தா எம் மவ கை நேரா இருந்திருக்கும்" என்றாள் அவள். உட்காரச் சொல்லவில்லை. அவர் வாசலிலிருந்தே திரும்பிப் போனார்.

பிறகு அவர் கூட்டத்தில் சனங்கள்தான் முதலில் பேசினார்கள், கண்ணைத் திறந்துகொண்டு. ஜெபம் கடைசியில், சின்னதாக. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றார்? ஆனால் அடுத்தவர் சொல்வதைக் கேட்கப் படிப்பதற்கு ஒரு பெண்பிள்ளையின் கையா போகவேண்டும்?

பெரியாயியும் கந்தப்பனும் செத்துப்போனார்கள். கனகம் அதே தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்க்கிறாள். யேசுவடியான் லுணுகலையில், வேதக்கோயிலை ஒட்டிய அறையில் தனியாக இருக்கிறார்.