பக்கத்து சீட்டில் அரிசி மூட்டை

நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டு கார் ஷெட்டுக்குள் மார்பளவு ஆழத்தில் ஒரு குழி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் செப்டிக் டேங்க் என்று என் மனைவி சொல்லி வைத்திருக்கிறாள். காருக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதற்காக வீட்டுக்காரர் குழி வெட்டியிருக்கிறார் என்று சொல்ல அவளுக்கு வெட்கம். எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது, கேட்டவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

குழிக்கு மேலே நிற்பது அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். துணிக் கூரை, இரண்டே சீட்டு. பூந்தமல்லியில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்பக்கம், கோழிகள் அடைந்து கிடந்த அதை முதலில் பார்த்தது நான் இல்லை, அவள்தான். "பொண்ணும் கட்டிக்கினு போயிட்டா. நமக்கு ரெண்டு சீட்டு போதாதா? வாங்கிடலாங்க" என்றாள். நான் அங்கேயே ஒரு கோழியைத் துரத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தேன்.

வாங்கிய பிறகு பண்ணினேன் பாருங்கள் ஒரு வேலை! வண்டியின் பின்பக்கம் தொங்கிப்போயிருந்தது. பாரிவாக்கத்தில் லாரி ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட சிநேகிதனிடம் கொண்டு போனேன். லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்பிரிங் தொங்கினால், அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னொரு பட்டையைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஜல்லி ஏற்றுகிற வண்டிக்கு அது சரி. "எட்டு பேரு குந்துனாலும் எறங்காது மச்சான்" என்றான் அவன். இரண்டு சீட்டுக் காரில் எட்டு பேர் எங்கே உட்காருவார்கள் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறினேன். கூடுதல் பட்டையால் ஸ்பிரிங் விறைத்துப்போயிருக்க, வண்டி அப்படியே எகிறியது. அவளும் எகிறி, சீட்டில் பொத்தென்று விழுந்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கேயே இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம் படுக்கை. அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அந்தப் பக்கத்து சீட்டில் அவள் உட்காரவே இல்லை. திட்டவும் இல்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. தனியாக ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் ருசிக்கவில்லை. கடைசியாக ஒரு முறை ஸ்பிரிங்கைச் சரிபண்ணுவது, அப்போதும் அவள் ஏறவில்லை என்றால் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். ஆவடியிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது, அவளிடமும் சொல்லியிருந்தேன்.

அந்த வாரம் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிநேகிதன் தானே வீட்டுக்கு வந்து, தான் சொருகிய பட்டையைத் தானே கழற்றிப் போட்டான். ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் போல்ட்டைச் சுற்றி வருகிற ரப்பர் வளையம், புஷ் என்பார்கள், எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன? நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்ததும் புஷ் வார்க்கிற அச்சை நானே கடைந்தேன், பக்கத்து ரப்பர் கம்பெனியில் வார்த்துக் கொடுத்தார்கள். முதல் புஷ் சூடாக வெளியே வந்தபோது துள்ளிக் குதிக்காத குறைதான்! சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், பை கறுத்துப்போனது.

சனிக்கிழமை காலையில் எல்லாம் மாட்டியாயிற்று. குழிக்குள் நின்று ஸ்பிரிங் போல்ட்டுகளை முறுக்கப் போனேன்.

"ஏய், கைய எடு மச்சான்!" என்று மேலிருந்து கத்தினான் சிநேகிதன். "வெறும் வண்டில முறுக்காத. ஆளு குந்துனா ரப்பரு திருகிக்கினு கிழிஞ்சிரும். ரெண்டு ஆளு வெயிட்ட ஏத்திட்டு டைட் பண்ணு."

டிரைவர் சீட்டில் அவனே உட்கார்ந்தான். பக்கத்து சீட்டுக்கு ஆள் இல்லை. சமையல்கட்டிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தூக்கி வந்து வைத்தேன். "உன் ஊட்டுக்காரம்மா வெயிட்டு இவ்ளோதானா?" என்று கேட்டான். தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவதையும் ஏற்றினேன்.

நான் குழிக்குள் இறங்கவும், உலை வைக்க அரிசி தேடி அவள் ஷெட்டுக்கு வரவும் சரியாக இருந்தது. எனக்கு அவள் பாதம் மட்டும்தான் தெரிந்தது.

"இன்னாங்க இது? என் எடத்துல அரிசி மூட்டையா?"

என் எடம்! இரண்டு வருஷம் கழித்து அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை!

"வெயிட்டுக்குத்தான் அண்ணி" என்று சிநேகிதன் இழுத்தான்.

"மூணு மூட்டையா? அவ்ளோ வெயிட்டா கீறேன் நானு? எடுங்கண்ணா அத்த."

மூட்டைகள் இறங்கின. கதவு திறந்து மூடியது. என் தலைக்கு மேலே அந்த இரும்புப் பட்டைகள் மெதுவாக, ஒரு விரல் தடிமனுக்கு இறங்கி நின்றன. அவள் எடை! போல்ட்டுகளை முறுக்கி முடித்துவிட்டு வெளியே ஏறினேன். சிநேகிதன் இறங்கிக்கொண்டு, சீட்டைக் கண்ணால் காட்டினான். அவள் இறங்குவதற்குள் கிரீஸ் கையோடு ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டேன்.

நேராகப் பருத்திப்பட்டு. அதே ஏரி, அதே வேகத்தடை. அவள் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு ஏற்றினேன். வண்டி லேசாகத் தூக்கி, பூப்போல இறக்கியது.

"வண்டியத் திருப்புங்க" என்றாள்.

இடுப்புதான் என்று நினைத்துத் திருப்பினேன். "வலிக்குதா? ஊட்டுக்குப் போயிடலாமா?"

"ஊட்டுக்கு எவன் போகச் சொன்னான்? இன்னொரு வாட்டி அதும் மேல ஏத்துங்க."

அன்றைக்கு அந்த வேகத்தடையில் நான்கு முறை ஏறி இறங்கினோம். மூன்றாவது முறை இறங்கியதும் என் போனை வாங்கி, ஆவடிக்காரரை அழைத்து, நாளைக்கு வர வேண்டாம் என்று அவளே சொன்னாள்.