பஸ் தங்காத ஊர்

எங்கள் ஊரில் பஸ் தங்கும். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் ரோடு முடிகிற இடம்தான் எங்கள் ஊர். கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் கடைசி டவுன் பஸ் சர்ச் சுவரை ஒட்டி நின்றால், மறுநாள்தான் கிளம்பும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போகும். விடியற்காலையில் வெளியூர் போகிறவர்கள் சாப்பாடு கொடுக்கும்போதே சொல்லிவைத்துவிட்டால் போதும், ஆள் வந்து ஏறும்வரை டிரைவர் ஹாரனை விடமாட்டார். போகாதவர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம்.

எல்லா ஊரிலும் பஸ் கடைசி ஸ்டாப்பில்தான் தூங்கும் என்று நான் நம்பியிருந்தேன். நான் நான்காம் வகுப்பு, நம்பலாம். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவும் அப்படியே நம்பியதுதான் வினை.

அக்கா நர்சிங் முடித்திருந்தாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் சீக்கிரமே அங்கே இருக்கவேண்டும், தேர்வானால் அன்றைக்கே விடுதியில் சேர்ந்துவிட வேண்டும் என்பதால் துணிமணியோடு வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாளே வருகிற பெண்கள் அந்த விடுதியிலேயே தங்கலாம், ஆனால் துணைக்கு வருகிறவர்களுக்கு இடமில்லை. அக்கா அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்டியா எதுக்கு? லீவுதானே, நாலு பேருமே போவலாம்" என்றார்.

பட்டணத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. லாட்ஜ் என்றாலே அம்மா முகத்தைச் சுளிப்பாள். எங்கள் சபைப் போதகர் வருஷா வருஷம் வாலிபப் பிள்ளைகளைச் சென்னைப் பக்கம் முகாமுக்குக் கூட்டிப்போகிறவர். குடும்பமாகக் கூடாரத்தில் தங்கி, சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி இடங்கள் இருக்கின்றன, பஸ்ஸிலேயே போய்வரலாம் என்று அவர்தான் மூன்று இடங்களைச் சொன்னார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படி விசாரிக்க மாட்டார்கள். அப்பா சாயங்காலமானால் போதகர் வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார்.

முதல் இடம் கடற்கரையில். நான் உடனே கையைத் தூக்கினேன். பஸ் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற ரோடு அது, கை காட்டினால் நிற்குமோ நிற்காதோ என்று அப்பா தள்ளிவிட்டார். இரண்டாவது இடம் ஏரிக்கரையில். தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று அம்மாவுக்குப் பிடித்திருந்தது. வழியில் வேறு பஸ் மாறவேண்டும் என்றதும் அதுவும் போயிற்று. மூன்றாவது இடம் ஒரு சவுக்குத்தோப்பு. கடலும் இல்லை, ஏரியும் இல்லை. ஆனால் வாசலிலேயே பஸ்ஸின் கடைசி ஸ்டாப்.

"இது போதும். தூங்கி எழுந்து அப்டியே ஏறிக்க வேண்டியதுதான்" என்றார் அப்பா. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு இத்தனை நாள் ஆயிற்றே என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார்.

தோப்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. கூடாரத்துக்குள் நுழைவதும் வெளியே வருவதுமாக நான் அம்மாவின் பிராணனை வாங்கினேன். அக்கா தன் பெட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, மறுநாள் உடுத்தவேண்டிய புடவையைக் கசங்காமல் அதன்மேல் விரித்தாள். அம்மா நான்கு பாயையும் வரிசையாகப் போட்டாள். பிறகு வெளியே கல்லைக் கூட்டி, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு ஆளுக்குக் கூடுதலாகவே வைத்தாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பஸ் வந்து திரும்பி நின்றது. அப்பா தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"இன்னா சார் இது?" என்றார் கண்டக்டர்.

"கொழம்பு சோறுங்க. படுக்கறதுக்கு முன்னாடி சாப்புடுங்க. காலையில நம்ம பொண்ணு வரும், பாத்து ஹாரன் அடிங்க."

கண்டக்டர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "வண்டி இங்க தங்காது சார், டிப்போவுக்குப் பூடும். காலையில நல்லா வெளுத்தப்புறம்தான் மொத வண்டி வரும். இதான் இன்னிக்குக் கடைசி" என்றார்.

அப்பா தூக்குவாளியோடு அப்படியே நின்றார். மறுநாள் அந்த முதல் பஸ்ஸைப் பிடித்து, பட்டணத்தைக் குறுக்காகக் கடந்து, ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பது எனக்கே புரிந்தது. விடியுமுன் ஆட்டோ இங்கே வராது என்று தோப்புக் காவலாளி சொல்லிவிட்டார். அக்கா கொஞ்சம் தள்ளிப்போய் விடுதிக்குப் போன் செய்தாள்.

"இப்ப வந்தாலும் எடம் இருக்குதாம்ப்பா. நான் இந்த வண்டியிலயே போறேன்" என்றாள்.

"நானும் வரேன்" என்றார் அப்பா. அக்கா அம்மாவையும் என்னையும் இருட்டப்போகிற தோப்பையும் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். கூடாரத்துக்குப் போய், விரித்திருந்த புடவையை உள்ளே வைத்துப் பெட்டியை எடுத்துவந்தார்.

"டிப்போவுல எறங்கினா ஆஸ்பத்திரிக்கு நேரா வண்டி இருக்குது சார். நானே ஏத்தி வுடறேன்" என்றார் கண்டக்டர்.

அப்பாதான் பெட்டியைத் தூக்கி ஏற்றினார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

மறுநாள் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அங்கேயே சேர்ந்தாள். பிறகு கல்யாணம், வெளிநாடு என்று போனவள், வீட்டுக்கு வந்தபோதெல்லாம் திரும்பிப் போகிற தேதியோடுதான் வந்தாள்.

அன்று எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கூடாரத்தின் வாசல்பக்கம், காற்று வருகிற இடம், அக்காவுக்கென்று ஒதுக்கியிருந்தது எனக்கு வந்துவிட்டது. கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, பேசாமல் அக்காவை முதலிலேயே விடுதிக்கு அனுப்பியிருந்தால் நாம் இவ்வளவு தூரம் அலைந்திருக்கவே வேண்டாமே என்று பெரிய மனுஷிபோலச் சொன்னேன். அம்மா அக்காவின் போர்வையை எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. நாங்கள் நான்கு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்க ஒரே ஒரு ராத்திரி கிடைக்காதா என்றுதான் அந்த மனிதர் இடம் இடமாக விசாரித்தார் என்பது எனக்குத் தெரியாது. பஸ் தங்காததற்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.