தோற்றவன் எழுதிய பீரங்கி விதிகள்

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும், மயிலாப்பூரில் என் ஃப்ளாட்டின் ஹாலில் பழைய ஐரோப்பியப் போர் ஒன்று ஆரம்பமாகும். கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடம், அட்டைச் சிப்பாய்கள், இரண்டு பகடைகள், எதிரே என் கல்லூரி நண்பன். எட்டு வருடம் இப்படி ஆடினோம். அதை நாசமாக்கியவன் நான்தான். இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

விதிப் புத்தகத்தைப் படித்தவன் நான். அவனுக்கு வாயால்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே அவன் பீரங்கிகளை ஓட்டிக்கொண்டு வந்து, வந்த கையோடு சுட்டு, என் படையைத் துவம்சம் செய்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நமக்கென்று சில விதிகள் போட்டுக்கொள்வோம் என்றேன். தோற்றவன் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விதி எழுதலாம். ஜெயித்தவன் விதிகளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. பெரிய நியாயஸ்தன் நான்!

தோற்றது எப்போதும் நான்தான், ஆகவே விதிகள் எழுத வைத்திருந்த நோட்டு நிறைந்தது. சேற்றில் பீரங்கிக்குப் பாதி வேகம். மேடு ஏறினால் ஒரு முறை ஓய்வு. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு விதியின் ஓட்டையை அடைக்க இன்னொரு விதி. ஒரு சிப்பாயை நகர்த்த அரை மணி நேரம் நோட்டைப் புரட்டினோம். அப்படியும் அவனே ஜெயித்தான், கர்மம்.

ஒரே ஒரு முறை நான் ஜெயித்தேன். அந்த வரைபடத்தைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன்.

போன வருடம் ஒருநாள் அவன் ஆட்டத்தின் நடுவில் எழுந்துவிட்டான். "மச்சி, நான் உன்கூட ஆடல. உன் நோட்டுகூட ஆடிட்டு இருக்கேன். போதும்டா." ஜெயித்தே பழகியவனுக்குத் திமிர் என்று திட்டித் தீர்த்தேன். அதோடு அவன் வரவில்லை.

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது விதிப் புத்தகம் கையில் கிடைத்தது. பீரங்கிக்கென்று தனியாக ஒரு பக்கம். அவசரத்தில் நான் தாண்டிப்போன பக்கம். நகர்ந்த பீரங்கி அந்த முறை சுடக் கூடாது என்று ஒரே வரி. அந்த ஒரு வரி இல்லாமல்தான் நான் ஒரு நோட்டு முழுக்க எழுதியிருக்கிறேன்.

புத்தகத்தோடு வேளச்சேரிக்கு ரயில் ஏறினேன். அவன் அந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்டா. ரெண்டாவது மாசமே நெட்ல படிச்சேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எத்தனை தடவை வாயெடுத்தேன்? ஜெயிச்சவன் பேசக் கூடாதுன்னு நோட்டைத் தட்டிக் காட்டுவ."

"ஒரு தடவை தோத்தியே, அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே!"

அவன் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினான்.

"அதைச் சொல்றதுக்குத்தான்டா தோத்தேன். நீ போட்டோ எடுத்துக் குதிச்சுட்டு இருந்த. எப்படிச் சொல்றது?"

அதற்கப்புறமும் மூன்று வருடம் என் வீட்டுக்கு ஆட வந்தான். அவன் உட்காரும் நாற்காலி அந்தப் படத்துக்கு நேர் எதிரே இருந்தது.