கேள்வி மன்றமும் ஒரு துண்டு ஜக்கார்டு அட்டையும்

மன்றச் செயலாளர் வேலையில் வேறு எதுவும் கிடைக்காது, ஹெச்.எம். ரூமுக்கு அழைப்பு மட்டும் தவறாமல் வரும். அன்றைக்கு மூன்றாம் பீரியடிலேயே வந்தது. மேசையில் ஒரு துண்டு அட்டை. பக்கத்தில் கெமிஸ்ட்ரி சார், கையைக் கட்டிக்கொண்டு. அந்த அட்டையில் இருந்த கேள்வியை முந்தின நாள் நாற்பது பேர் முன்னால் சத்தமாகப் படித்தவன் நான்தான். "யாரு எழுதினது?" என்றார் ஹெச்.எம். தெரியாது என்றேன். தெரியும். கேள்விப் பெட்டியில் அதைப் போட்ட ஆளைப் பார்த்திருந்தேன்.

எங்களுடையது சின்ன காஞ்சிபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி. நான் இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்து வெளியே வந்தேன். பள்ளியில் மன்றம் நடத்தி மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

கதவு திறந்த கதை

பிளஸ் ஒன் படிக்கும்போது ஐந்து பேர் போய் அனுமதி கேட்டோம். மாணவர்களே நடத்தும் கேள்வி மன்றம். வாரம் ஒரு நாள், யாரும் எதையும் கேட்கலாம், எல்லாரும் பேசலாம். ஹெச்.எம். விரல் மடக்க ஆரம்பித்தார். சாதி வரக்கூடாது, மதம் வரக்கூடாது, கட்சி வரக்கூடாது, வெளியாள் வரக்கூடாது, பாட நேரத்தில் நடக்கக்கூடாது. பொறுப்பாசிரியர் ஒருத்தர் கண்டிப்பாக உட்காரணும், ஆனால் அவர் நடத்தக்கூடாது. சேர வருகிற யாரையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. இரண்டு கை விரலும் தீரப் போகிற நேரத்தில், "அதனால இப்போ வேணாம்பா" என்று முடித்தார்.

எனக்குப் பொறுமை கிடையாது. "வெள்ளிக்கிழமை காலைல ஒரு குரூப் பாசுரம் பாடறாங்களே சார், அவங்களுக்கு மட்டும் எப்படி ரூம் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஒருத்தருக்குத் தொறந்த கதவ இன்னொருத்தருக்கு மூட முடியாதுப்பா, அதான் என் பயமே."

எல்லாரும் வரலாம்

முதல் கூட்டம் மாலை நாலரைக்கு. கதவில் 'எல்லாரும் வரலாம்' என்று சாக்பீஸால் எழுதி வைத்தோம். வந்தது பதினோரு பேர், அத்தனை பேரும் டவுன். பஸ்ஸில் வருகிற முசரவாக்கம் கிராமத்துப் பிள்ளைகளில் ஒருத்தர்கூட இல்லை. "அவங்களுக்கு இதுலலாம் இன்ட்ரஸ்ட் இல்லபோல" என்று மறுநாள் மைதானத்தில் பெரிய மனுஷன் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரிலிருந்து வரும் பத்தாம் வகுப்பு செல்வி பின்னாலேயே நின்றிருக்கிறாள். அவர்கள் பஸ் நாலு நாற்பதுக்கு, அதை விட்டால் ஆறரைக்கு மேல்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை. "எல்லாரும் வரலாம்னு எழுதிட்டா ஆச்சாண்ணா? எங்க பஸ்ஸ யாருண்ணா கேட்டீங்க?"

பேசக்கூடாத பொறுப்பாசிரியர்

கூட்டத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினோம். கூட்டம் நாற்பது பேராக ஏறியது. பொறுப்பாசிரியர் டிராயிங் சார். நல்ல மனுஷர், ஆனால் பேசாமல் இருப்பது அவருக்குக் காய்ச்சல் மாதிரி. எவனாவது தப்பாகப் பேசினால் நாற்காலியில் நெளிவார். தாங்க முடியாவிட்டால் போர்டில் எழுதிக் காட்டுவார். நாங்களும் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினோம், எப்போது ரூல் உடையுமோ என்று. ஒரு நாள் மணி அடித்ததும் என்னிடம் வந்து புலம்பினார்: "வாயத் தொறந்தா ரூல் போவுது, மூடினா தூக்கம் வருது, இன்னாடா பண்றது நான்?"

இடது கை எழுத்து

எழுந்து நின்று கேட்க எல்லாருக்கும் பயம். அதனால் சாக்பீஸ் பெட்டியில் சீட்டு போடச் சொன்னோம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இடது கையால்தான் எழுதணும் என்பது நான் போட்ட விதி. ரொம்பப் பெருமை எனக்கு அதில். நோட்டுப் பேப்பர் கிழிக்கக்கூடாது என்று டிராயிங் சார் போர்டில் எழுதிவிட்டதால், தறி வீட்டுப் பிள்ளைகள் பழைய ஜக்கார்டு அட்டைகளை வெட்டிக் கொண்டுவந்தார்கள். சேலையில் டிசைன் விழுவதற்காக வரிசையாக ஓட்டை போட்ட கெட்டி அட்டை அது. கிழிந்ததைத் தூக்கித்தான் போடுவார்கள்.

பிளஸ் டூ பிராக்டிகலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சீட்டை எடுத்துப் படித்துக்கொண்டே போனேன்: 'கெமிஸ்ட்ரி சார்கிட்ட டியூஷன் சேராதவங்களுக்கு மட்டும் லேப் மார்க் ஏன் குறையுது?' பாதியில் புரிந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. டிராயிங் சார் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்தார்: "அடுத்த சீட்டப் படிடா, சீக்கிரம்."

அட்டை பேசியது

அன்று மாலைக்குள் சீட்டு ஆபீஸுக்குப் போய்விட்டது. மறுநாள்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன அழைப்பு. எழுத்தைப் பார்த்து யாரென்று சொல்ல முடியவில்லை, இடது கை காப்பாற்றிவிட்டது என்று மூச்சு விட்டேன். அப்போது அட்டெண்டர் குமார் அண்ணன் டீ கொண்டுவந்தார். அவர் வீட்டிலும் தறி இருக்கிறது. அட்டையைப் பார்த்தார், திருப்பினார், மூலையில் சிவப்பு மையில் இருந்த வரிசை எண்ணைக் காட்டி, இப்படிக் கொக்கி வைத்து ஏழு போடுகிறவர் யார், அவர் எந்தெந்த வீட்டுக்கு அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுக்கிறார் என்று கடகடவென ஒப்பித்தார். நாலே வீடு. கெமிஸ்ட்ரி சார் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

அந்த நாலு வீட்டுப் பிள்ளைகளில் யாரென்று நானே எழுதிக் கொடுக்கணும், அதுவரை மன்றம் கிடையாது என்றார் ஹெச்.எம். நான் எழுதவில்லை. வராந்தாவில் குமார் அண்ணன் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். பாவம், அழுகிற முகம். "வாயில வந்துட்ச்சிடா தம்பி, அட்டைய பாத்தா நம்பர் படிக்காம எப்பிடிடா இருக்கறது?"

லேப்

அடுத்த மூன்று வாரம் லேபில் அந்த நாலு வீட்டுப் பிள்ளைகள் பின்னாலேயே கெமிஸ்ட்ரி சார் நின்றுகொண்டிருந்தார். எழுதிய ஆள் கையில் பிப்பெட் ஆடுவதை நான் எதிர் மேசையிலிருந்து பார்த்தேன். பார்க்காத மாதிரி இருப்பதுதான் கஷ்டம். பிராக்டிகல் அன்று வெளிப் பள்ளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எங்களைவிட அவசரத்தில் இருந்தார். அந்த ஆளைப் பார்த்து, "கை ஏன் நடுங்குது, பாம்பா புடிக்கிற?" என்றார்.

வெள்ளைத் தாள்

ரிசல்ட் வந்து டி.சி. வாங்கப் போனேன். டி.சி.யைக் கொடுத்தார்கள். காலேஜில் கேட்கிற நன்னடத்தைச் சான்றிதழை ஹெச்.எம். தன் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நிர்வாகம் அவரை விடவில்லையாம். "ஒரு பேருதான்பா. எழுதிட்டு இத எடுத்துக்கினு போ." யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் பேருக்கு உரிய ஆள் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆணா பெண்ணா என்றுகூட இங்கே எழுத மாட்டேன். "எழுதிடுடா. என் மார்க்கு வந்துட்ச்சி, இனிமே அவரு என்ன இன்னா பண்ணுவாரு? உன் காலேஜ் போயிடும்டா." நியாயம்தான். ஆனால் அந்த வீட்டில் அடுத்த பிள்ளை இந்த வருஷம் பிளஸ் ஒன் சேருகிறது. அதே குரூப், அதே லேப். அதைச் சொன்னேன். "நீ ஒரு லூசுடா" என்றது ஆள்.

உள்ளே போய்த் தாளில் எதுவும் எழுதாமல் எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வந்தேன். காலேஜில் சான்றிதழைக் கொண்டுவரப் பத்து நாள் டைம் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஆறு போய்விட்டது. செயலாளராக இருந்த இரண்டு வருஷத்தில் சொன்ன நூறு வேலையைச் செய்தது அந்த ஆபீஸில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை, எழுதச் சொல்லி எழுதாத ஒரு பேரை மட்டும் யாரும் மறக்க மாட்டேன் என்கிறார்கள்.