சீட்டில் எழுபத்தெட்டு கிலோ

லிஃப்ட் கம்பெனியில் அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் நின்றதும் உள்தரையும் வெளித்தரையும் ஒரு நூல்கூட ஏறி இறங்கி இருக்கக் கூடாது அவருக்கு. அதைப் பார்க்கச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் மட்டம் போடாத ரசமட்டம் என்று மேனேஜரே கிண்டல் செய்வார்.

மனைவி பிரிந்துபோய் நாலு வருஷம். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. "உங்ககூட இருக்கிறதும் தனியா இருக்கிறதும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். கடைசியில் மிஞ்சியது அவரும், ஷெட்டில் நின்ற பழைய காரும்தான். பின்சீட்டைக் கழற்றிவிட்டு உள்ளே இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டிய கார் அது. மாதம் ஒரு ஞாயிறு பந்தயத் தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அன்று ஓட்டுவதற்காகவே அதை வைத்திருந்தார்.

முன்பெல்லாம் மனைவியின் தம்பியும் கூடவே வருவான். மச்சான் மச்சான் என்று அவனைக் கூப்பிடாமல் ஸ்பேனர்கூடப் பிடிக்க மாட்டார் இவர். அக்கா போனதும் அவன் வரவும் நின்றுபோனது. இனி அவனை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்ற குழப்பத்திலேயே இவரும் போன் செய்யவில்லை.

இந்த வருஷம் திருப்பங்களில் முன்பக்கம் டக் டக்கென்று தட்டியது. திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வது ஸ்வே பார் என்கிற வளைந்த கம்பி. அதன் இரு முனைகளையும் சக்கரப் பக்கம் சேர்த்துப் பிடிக்கிற, ஒரு சாண் நீள லிங்குகள் தேய்ந்து ஆடின. நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதியாக மரை போட்ட புது லிங்குகளை வாங்கினார். மாட்டுவது சுலபம், நீளம் வைப்பதுதான் வேலை. வண்டி மட்டமாக நிற்க வேண்டும், ஓட்டுகிற ஆள் சீட்டில் இருக்க வேண்டும், அப்போது அந்தக் கம்பி துளியும் முறுக்கேறாமல் இருக்க வேண்டும். ஒருவர் உட்கார, இன்னொருவர் கீழே படுத்து லிங்கைத் திருக வேண்டும்.

இவரோ ஒண்டிக்கட்டை. அதனால் மூன்று மூட்டை மணல் கட்டினார். கடைசியாக எடை பார்த்தபோது எழுபத்தெட்டு கிலோ இருந்தார், மணலும் அதே அளவு. மூட்டைகளைச் சீட்டில் சாய்த்து, பெல்ட்டையும் போட்டுவிட்டார். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் ஒரே உயரப் பலகை கொடுத்து, கீழே நுழைந்து, அரை நாள் திருகினார்.

தடம் திறந்த அடுத்த ஞாயிறு ஓட்டிப் பார்த்தார், தட்டல் நின்றிருந்தது. ஆனால் இடப்பக்கம் திரும்புகிற மாதிரி வலப்பக்கம் திரும்பவில்லை. வித்தியாசம் கொஞ்சம்தான், வேறு யாராவதென்றால் விட்டிருப்பார்கள். இவர் வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப் போனார். அங்கே இருந்தவர், இவரை வருஷக்கணக்காகப் பார்ப்பவர், நான்கு சக்கரத்தின் எடையையும் எழுதிவிட்டு, இவரை இறக்கி மறுபடி எழுதினார். ஒரு கணம் தாளையே பார்த்தார்.

"உங்க எடை அறுபத்தாறுதான் வருது சார். உடம்புக்கு ஏதாவதா?"

ஒன்றும் இல்லை என்றார். உண்மையும் அதுதான். காலையில் டீ, மதியம் பிஸ்கட், ராத்திரி பசித்தால் எதையாவது கொதிக்க வைப்பது. பன்னிரண்டு கிலோ போயிருக்கிறது. சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அவருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மணலைக் குறைக்க உட்கார்ந்தவர், மூட்டையை அவிழ்க்காமல் போனை எடுத்தார். நாலு வருஷத்துக்கு முந்தைய நம்பர். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க அத்தான்."

லிங்க் விஷயத்தை மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டான். இவரை ஏற இறங்கப் பார்த்தான். இவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவன் அடியில் நுழைந்தான். வலப்பக்கம் முக்கால் சுற்றுக் குறைத்ததும், தட்டாமல் தள்ளாமல் லிங்கின் போல்ட் விரலாலேயே உள்ளே போனது, கம்பியில் முறுக்கே இல்லை என்றான். லாக் நட்டை இறுக்கி முடித்த பிறகும் அவன் வெளியே வரவில்லை. கீழே இருந்தபடியே பேசினான்.

"அடுத்த மாசம் நாங்க எல்லாரும் வெளிநாடு போறோம் அத்தான். அக்காவும்தான். அங்கேயே இருந்திடுவோம்."

"நல்லது மச்சான்" என்றார் இவர். சீட்டை விட்டு எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது.

அதற்கடுத்த முறை தடத்தில் இரண்டு பக்கமும் வண்டி ஒரே மாதிரி திரும்பியது. பதினெட்டுச் சுற்று ஓட்டினார். நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியவர், சொல்ல ஆள் தேடுகிறவர் போலச் சுற்றிலும் பார்த்தார். அவரவர் வண்டியோடு அவரவர் இருந்தார்கள். 'சரியாயிடுச்சு' என்று மச்சானுக்கு ஒரு செய்தி அனுப்பினார். மறுநாள் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

அப்போது அவர் ஒரு ஆஸ்பத்திரி மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார். மணி ஒன்று. கையைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்கு இறங்கிப் போய், முழுச் சாப்பாடு சொல்லி, சுவரோரத்து மேஜையில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியைக் கேட்டு ஒரு நர்ஸ் வந்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும், அதைத் தூக்கிப்போய்த் தன் கூட்டத்தோடு போட்டுக்கொண்டார். இவர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.